"தாம்பரத்துல இருந்து சென்ட்ரலுக்கு எப்படி போறது?" - போன் சொல்லும் முதல் பதில் ஏன் முக்கியம்?

தாம்பரத்தில் இருந்து சென்ட்ரலுக்கு எப்படிப் போவது? இந்தக் கேள்விக்கு குறைந்தது நான்கு சரியான பதில்கள் இருக்கின்றன. புறநகர் மின்சார ரயிலில் ஏறி, சென்ட்ரலுக்கு எதிரே உள்ள பூங்கா நிலையத்தில் இறங்கலாம். மாநகரப் பேருந்தில் போகலாம். விமான நிலையம் வரை வந்து மெட்ரோவின் நீல வழித்தடத்தைப் பிடிக்கலாம். இல்லையென்றால் காரையோ பைக்கையோ எடுத்துக்கொண்டு ஜி.எஸ்.டி. சாலையில் நிற்கலாம்.

இதே கேள்வியை மேப்பில் தட்டச்சு செய்தால் கார், பைக், ரயில், நடை எனப் படங்கள் வரிசையாகத் தெரியும். ஒன்றைப் பார்த்து அடுத்ததைத் தட்டலாம். ஆனால் போனிடம் வாயால் கேட்டால் எல்லாப் பதில்களும் ஒரே நேரத்தில் காதில் விழாது. ஒன்றுதான் முதலில் வரும். பலர் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

குரல் உதவியாளர்களை, அதாவது வாய்ஸ் அசிஸ்டென்ட்களை, மாசு குறைந்த பயணத்துக்குப் பயன்படுத்தலாமா என்ற பேச்சு தொடங்கும் இடம் இதுதான். முதல் பதில் ரயிலாக இருந்தால் என்ன ஆகும்? காராக இருந்தால் என்ன ஆகும்? அதை யார் முடிவு செய்கிறார்கள்?

முதல்ல சொல்றதுக்கு அவ்வளவு பவரா?

ஆம். நடத்தைப் பொருளாதாரத்தில் இது நன்றாகப் பேசப்பட்ட விஷயம். ஒரு படிவத்தில் ஏற்கெனவே எது 'டிக்' செய்யப்பட்டிருக்கிறதோ, அதையே பெரும்பாலானவர்கள் அப்படியே விட்டுவிடுவார்கள். இதற்கு 'டீஃபால்ட்' என்று பெயர். நாம் எதுவும் செய்யாவிட்டால் தானாக அமையும் தேர்வு.

இதற்கு அடிக்கடி சொல்லப்படும் உதாரணம் உடல் உறுப்பு தானம். 2003-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு, பக்கத்துப் பக்கத்து நாடுகளான ஜெர்மனியையும் ஆஸ்திரியாவையும் ஒப்பிட்டது. ஜெர்மனியில் விருப்பம் உள்ளவர்கள் பெயர் கொடுக்க வேண்டும். அங்கே சம்மதம் சுமார் 12 சதவீதம். ஆஸ்திரியாவில் விருப்பம் இல்லாதவர்கள்தான் பெயரை நீக்கச் சொல்ல வேண்டும். அங்கே சம்மதம் 99 சதவீதத்துக்கும் மேல். மனிதர்கள் அவ்வளவு வித்தியாசமானவர்கள் இல்லை. கேள்வி கேட்ட விதம்தான் வேறு. (இது தாளில் உள்ள சம்மதக் கணக்கு. உண்மையில் நடந்த உறுப்பு மாற்று சிகிச்சைகளில் இவ்வளவு பெரிய இடைவெளி கிடையாது.)

யாரையும் தடுக்காமல், தேர்வுகளை அடுக்கும் விதத்தை மட்டும் மாற்றி நல்ல பக்கம் லேசாகத் தள்ளுவதை 'நட்ஜ்' என்கிறார்கள். இந்தத் துறையில் முக்கியமானவரான ரிச்சர்ட் தேலருக்கு 2017-ல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது குரல் உதவியாளருக்கு வருவோம். பெரும்பாலான போன்களில் ஓர் இடத்தின் பெயரைச் சொல்லி "வழி காட்டு" என்றால் திறப்பது வண்டி ஓட்டுவதற்கான வழிதான். பஸ்ஸோ ரயிலோ வேண்டுமென்றால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதாவது இன்றைய டீஃபால்ட், சொந்த வண்டி. அதைத் திட்டம் போட்டு யாரும் பரப்புவதாகச் சொல்ல முடியாது. ஆனால் விளைவு ஒன்றுதான்.

ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு புகை?

இந்தக் கணக்கு வீட்டிலேயே போடக்கூடியது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகும். ஒரு லிட்டர் டீசலுக்கு சுமார் 2.7 கிலோ. லிட்டர் எடை ஒரு கிலோகூட இல்லையே, புகை எப்படி இரண்டு கிலோ வரும் என்று கேட்கலாம். எரியும்போது பெட்ரோலில் உள்ள கார்பன், காற்றில் இருந்து ஆக்சிஜனை இழுத்துக்கொள்கிறது. கூடுதல் எடை அங்கிருந்து வருகிறது.

லிட்டருக்கு 15 கி.மீ. கொடுக்கும் காரில் ஒருவர் மட்டும் போனால், கிலோமீட்டருக்கு சுமார் 153 கிராம். அதே காரில் நான்கு பேர் போனால் தலைக்கு 38 கிராம். லிட்டருக்கு 45 கி.மீ. ஓடும் பைக்கில் தனியாகப் போனால் 51 கிராம்.

லிட்டருக்கு 4 கி.மீ. ஓடும் டீசல் பஸ் கிலோமீட்டருக்கு 675 கிராம் வெளியிடும். பார்க்கப் பெரிய எண். ஆனால் உள்ளே 40 பேர் இருந்தால் தலைக்கு 17 கிராம்தான். அதே பஸ்ஸில் ஐந்தே பேர் இருந்தால் 135 கிராம் ஆகிவிடும். அது தனியாகக் கார் ஓட்டுவதைவிடக் கொஞ்சம்தான் குறைவு. ஆனால் இதில் ஒரு விஷயம்: அந்த பஸ் நீங்கள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் ஓடத்தான் போகிறது. நீங்கள் எடுக்கும் காரோ நீங்கள் எடுத்தால்தான் ஓடும்.

மின்சார வண்டி என்றால் புகையே இல்லையா? சைலன்சர் இல்லை, அவ்வளவுதான். இந்தியாவில் ஒரு யூனிட் மின்சாரம் தயாரிக்க சராசரியாக சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது; காரணம் நிலக்கரி. நூறு கிலோமீட்டருக்கு 3 யூனிட் செலவாகும் இ-ஸ்கூட்டருக்கு கிலோமீட்டருக்கு சுமார் 21 கிராம். நூறு கிலோமீட்டருக்கு 15 யூனிட் எடுக்கும் மின்சாரக் காருக்கு 105 கிராம். பெட்ரோல் காரைவிடக் குறைவு, நிரம்பிய பஸ்ஸைவிட அதிகம். சென்னையில் 2025 ஜூன் மாத இறுதியில் வியாசர்பாடி பணிமனையில் இருந்து முதல்கட்டமாக 120 மின்சார பஸ்கள் ஓடத் தொடங்கின. அதில் கூட்டம் ஏறினால் கணக்கு இன்னும் இறங்கும்.

இந்தக் கணக்கை நாமே போட்டுக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பப் போவதில்லை. அதை ஒரு நொடியில் போட்டு, கேட்கிற நேரத்தில் சொல்ல முடியும் என்பதுதான் குரல் உதவியாளரின் பலம்.

மேப்ஸ்ல வர்ற பச்சை இலை போதாதா?

கூகுள் மேப்ஸில் சில வழிகளுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பச்சை இலை தெரியும். எரிபொருள் குறைவாகச் செலவாகும் வழி என்று அர்த்தம். 2021 அக்டோபரில் அமெரிக்காவில் தொடங்கிய வசதி இது. இந்தியாவில் கார், இருசக்கர வாகனம் இரண்டுக்கும் 2024 தொடக்கத்தில் வருவதாக அறிவிக்கப்பட்டது. மேடு பள்ளம், நெரிசல், நின்று நின்று போகும் சாலை எல்லாவற்றையும் பார்த்து வழியைத் தேர்ந்தெடுக்கிறது. தொடங்கியதில் இருந்து 2023 இறுதி வரை உலக அளவில் 29 லட்சம் டன் கார்பன் வெளியேற்றம் தவிர்க்கப்பட்டதாக மதிப்பிட்டிருக்கிறது கூகுள். அது நிறுவனமே போட்ட கணக்கு என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இது நல்லதுதான். ஆனால் பச்சை இலை "எந்த ரோட்டில் காரை ஓட்டலாம்" என்றுதான் சொல்கிறது. "கார் வேணுமா?" என்று கேட்பதில்லை. மேலே பார்த்த கணக்கில், நல்ல வழியில் போவதால் 153 கிராம் கொஞ்சம் இறங்கலாம். ஆனால் ரயிலோ பஸ்ஸோ மாறினால் அது பல மடங்கு இறங்கும்.

அந்த இரண்டாவது கேள்வியையும் கேட்டுப் பார்க்கும் முயற்சிகள் இருக்கின்றன. லண்டன், பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், சிட்னி போன்ற சில நகரங்களில், கார் வழியைத் தேடுபவருக்கே "ரயிலில் போனாலும் கிட்டத்தட்ட இதே நேரம்தான்" என்று பக்கத்தில் காட்டும் வசதியை கூகுள் கொண்டுவந்தது. நேரம் ஒத்துவந்தால் மட்டும்தான் காட்டும். இரண்டு மணி நேரம் கூடுதலாகும் பஸ்ஸைப் பரிந்துரைத்தால் யாரும் கேட்க மாட்டார்கள். அடுத்த முறை நம்பவும் மாட்டார்கள்.

கிராம் கணக்கு யாருக்கு வேணும்?

"இந்தப் பயணத்தில் 4.3 கிலோ கார்பன் மிச்சம்" என்று ஒரு குரல் சொன்னால் பெரும்பாலானவர்களுக்கு அது ஒன்றும் தோன்றாது. நான்கு கிலோ கார்பனை யாரும் பார்த்ததில்லை. அதே பயணத்தை ரூபாயில் சொல்லிப் பாருங்கள்.

தாம்பரம் - சென்ட்ரல் சாலை வழி சுமார் 28 கி.மீ. மேலே சொன்ன காரில் கிட்டத்தட்ட 1.9 லிட்டர் பெட்ரோல். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 190 ரூபாய், பார்க்கிங் தனி. மின்சார ரயிலில் சாதாரண இரண்டாம் வகுப்பு டிக்கெட் 10 ரூபாய். சுமார் 50 நிமிடம். "ரயிலில் போனால் 180 ரூபாய் மிச்சம், சிக்னல் கிடையாது" என்ற ஒரு வரி, கார்பனைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமலே அந்த 4.3 கிலோவைக் குறைத்துவிடும்.

தமிழ்நாட்டில் இதைவிட வலுவான ஒரு வரியும் இருக்கிறது. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. விடியல் பயணம் என்று பெயர். ஒரு பெண் "வேலைக்கு எப்படி போகலாம்?" என்று கேட்கும்போது, "இன்னும் ஏழு நிமிடத்தில் வரும் பஸ் கட்டணமில்லாதது, அதற்குப் பின்னால் வருவது டீலக்ஸ்" என்று ஒரு குரல் சொன்னால் அது உபதேசம் இல்லை, தகவல். எந்த பஸ் இலவசம், எது இல்லை என்பது நிறுத்தத்தில் நிற்பவருக்கே தூரத்தில் வரும்போது சட்டென்று தெரியாத விஷயம்.

இன்னொரு பக்கம், போன் சும்மா சும்மா அட்வைஸ் செய்தால் என்ன நடக்கும் என்பது வாட்ஸ்அப் ஃபேமிலி குரூப்பில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும். மியூட்தான். கேட்டதற்குப் பதிலாக வரும் தகவலுக்கும், கேட்காமல் வரும் போதனைக்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது. காரில்தான் போக வேண்டிய நிலையில் இருப்பவர்களும் உண்டு. நோயாளியைக் கூட்டிப் போகிறவர், சக்கர நாற்காலியில் இருப்பவர், இரவு ஷிப்ட் முடிந்து தனியாக வரும் பெண் ஆகியோருக்கு "பஸ்ஸில் போயிருக்கலாமே" என்ற குரல் உதவி ஆகாது.

"பாரிஸ் போகணும்" - தமிழில் கேட்டா என்ன ஆகும்?

சென்னைக்காரர் "பாரிஸ் போகணும்" என்றால் பாரிமுனை. பிரான்ஸ் இல்லை. பஸ் கண்டக்டருக்கு இதில் குழப்பமே வராது. இயந்திரத்துக்கு வரும்.

தமிழில் கேட்டுத் தமிழில் பதில் பெறுவது இப்போது புதிது இல்லை. கூகுளின் ஜெமினி செயலி 2024 ஜூனில் இந்தியாவுக்கு வந்தபோதே தமிழ் உட்பட ஒன்பது இந்திய மொழிகளில் வந்தது. பேச்சில் உரையாடும் ஜெமினி லைவ் வசதியும் அதே ஆண்டு அக்டோபரில் தமிழுக்கு நீட்டிக்கப்பட்டது. அமேசானின் அலெக்சா இந்தியாவில் ஆங்கிலமும் இந்தியும் பேசுகிறது. மத்திய அரசு 2022-ல் தொடங்கிய 'பாஷினி' திட்டமும், சென்னை ஐ.ஐ.டி.யின் ஏ.ஐ.4பாரத் குழுவும் தமிழ் உட்பட இந்திய மொழிகளுக்கான பேச்சுக் கருவிகளில் வேலை செய்கின்றன. ஆக, மொழி என்ற சுவர் பாதி இடிந்துவிட்டது.

மிச்சம் இருப்பது இடப்பெயர். சென்னையில் 'மவுண்ட்' என்றால் பரங்கிமலையா, மவுண்ட் ரோடா? 'சென்ட்ரல்' என்றால் எம்.ஜி.ஆர். சென்ட்ரல் ரயில் நிலையமா, சென்ட்ரல் மெட்ரோவா, எதிரே உள்ள பூங்கா நிலையமா, பறக்கும் ரயிலின் பூங்கா நகர் நிலையமா? நான்கும் நடக்கிற தூரத்தில்தான் இருக்கின்றன. ஆனால் தவறான படிக்கட்டில் ஏறினால் ரயில் போய்விடும். ஒரே ஊரை எழுத்தில் ஒரு மாதிரியும் பேச்சில் வேறு மாதிரியும் சொல்கிறோம். திருவல்லிக்கேணி 'ட்ரிப்ளிகேன்' ஆகிறது, தஞ்சாவூர் 'தஞ்சை' ஆகிறது, கோயம்புத்தூர் 'கோவை' ஆகிறது. மதுரைக்காரரின் "பெரியார்" ஒரு பேருந்து நிலையம். வெளியூர்க்காரருக்கு அது ஒரு தலைவரின் பெயர்.

காரில் போகிறவருக்கு இந்தக் குழப்பம் பெரிய நஷ்டம் இல்லை. இருநூறு மீட்டர் தள்ளி நிறுத்தினாலும் சமாளிக்கலாம். பஸ்ஸுக்கு நிற்பவருக்கு எந்த நிறுத்தம், சாலையின் எந்தப் பக்கம் என்பது துல்லியமாக வேண்டும். மாசு குறைந்த பயணத்துக்குத்தான் அதிகத் துல்லியம் தேவைப்படுகிறது என்பது இதில் உள்ள வேடிக்கை.

எழுத்துப் படிக்கச் சிரமப்படுபவர்களுக்கும், பார்வைச் சவால் உள்ளவர்களுக்கும் குரல் வெறும் வசதி மட்டும் இல்லை, அதுதான் ஒரே வழி. பஸ்ஸின் எண் பலகையைப் பார்க்க முடியாதவருக்கு "இப்போது வருவது 21ஜி" என்று காதில் சொல்லும் ஒரு கருவி, அவரை ஆட்டோவில் இருந்து பஸ்ஸுக்கு மாற்றக்கூடியது. இந்தத் துறையில் பேசப்படும் பல யோசனைகளில் உடனடியாகப் பயன் தரக்கூடியது இதுதான்.

பஸ் எங்க இருக்குன்னு போனுக்கு எப்படித் தெரியும்?

குரல் எவ்வளவு அழகாகப் பேசினாலும், பின்னால் தகவல் இல்லையென்றால் அது வெறும் குரல்தான்.

உலகம் முழுக்க பஸ், ரயில் நேரங்களை இயந்திரம் படிக்கும் வடிவத்தில் கொடுக்க ஜி.டி.எஃப்.எஸ். என்ற பொதுவான முறை இருக்கிறது. 2005-ல் அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரப் போக்குவரத்து நிறுவனமும் கூகுளும் சேர்ந்து தொடங்கியது. எந்த நிறுத்தம் எங்கே, எந்த வண்டி எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அதில் அட்டவணையாக இருக்கும். வண்டி இப்போது எங்கே இருக்கிறது என்பதைச் சொல்ல அதற்கு மேல் ஒரு நேரலைத் தகவல் வேண்டும். பஸ்ஸில் உள்ள ஜி.பி.எஸ். அதை அனுப்பும். இந்தியாவில் கொச்சி மெட்ரோ 2018-ல் தன் தகவல்களை இப்படித் திறந்துவிட்டது. அதே ஆண்டு டெல்லி அரசு பஸ் தகவல்களுக்குத் திறந்த தளம் ஒன்றைத் தொடங்கியது. அப்படித் திறந்துவிட்டால் கூகுள் மட்டுமல்ல, ஒரு கல்லூரி மாணவர்கூட குரல் உதவியாளர் ஒன்றை அதன் மேல் கட்டலாம்.

சென்னையில் 2022-ல் 'சென்னை பஸ்' செயலி வந்தது. 2025 செப்டம்பரில் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்து ஆணையமான கும்டா 'சென்னை ஒன்' செயலியைக் கொண்டுவந்தது. மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில், ஆட்டோ, கேப் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் திட்டமிட்டு டிக்கெட் எடுக்கலாம். மெட்ரோ டிக்கெட்டை 2023-ல் இருந்தே வாட்ஸ்அப்பில் எடுக்க முடிகிறது.

இதன் முக்கியத்துவம் டிக்கெட்டில் மட்டும் இல்லை. "எப்படிப் போறது?" என்ற கேள்விக்கு "பஸ் பிடித்து கிண்டி, அங்கிருந்து மெட்ரோ" என்று ஒரே வாக்கியத்தில் பதில் சொல்ல, இந்த எல்லா வண்டிகளின் தகவலும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். குரல் உதவியாளருக்கான அடித்தளம் அதுதான். மேலே ஒரு மைக் பொத்தான் வைப்பது அதற்குப் பிறகு வரும் சின்ன வேலை.

செயலி நன்றாக இருந்தால் மட்டும் எல்லாரும் காரை விட்டுவிடுவார்களா? ஃபின்லாந்தின் ஹெல்சிங்கியில் 'விம்' என்ற செயலி 2016-ல் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. பஸ், டிராம், டாக்சி, வாடகை சைக்கிள் எல்லாம் ஒரே சந்தாவில். அதை நடத்திய நிறுவனம் 2024-ல் திவாலானது. நல்ல செயலி, நல்ல போக்குவரத்து உள்ள நகரம். இருந்தும் தொழிலாக நிற்கவில்லை. பஸ் அரை மணிக்கு ஒன்று வரும் ஊரில் எந்தக் குரலாலும் அதைப் பத்து நிமிடத்துக்கு ஒன்றாக மாற்ற முடியாது.

எப்போ சொன்னா கேட்போம்?

பயணம் என்பது பெரும்பாலும் பழக்கம். ஐந்து வருடமாக பைக்கில் போகிறவர் தினமும் காலையில் யோசித்து முடிவெடுப்பதில்லை. கை தானாகச் சாவியை எடுக்கும். அவரிடம் என்ன சொன்னாலும் நிற்காது. ஆனால் வீடு மாறும்போது, வேலை மாறும்போது அந்தப் பழக்கம் உடைகிறது.

இங்கிலாந்தின் பீட்டர்பரோ பகுதியில் 800 வீடுகளில் நடந்த கள ஆய்வு ஒன்று 2016-ல் வெளியானது. சுற்றுச்சூழலுக்கு உகந்த பழக்கங்களுக்கான உதவியும் தகவலும் கொடுத்தபோது, சமீபத்தில் வீடு மாறியவர்களிடம் அது கூடுதலாக வேலை செய்தது. அந்தச் சன்னல் திறந்திருப்பது சுமார் மூன்று மாதம். அதன்பின் புதுப் பழக்கம் இறுகிவிடுகிறது.

வேளச்சேரியில் இருந்து பெருங்களத்தூருக்கு வீடு மாறியவரிடம் முதல் வாரத்திலேயே "பக்கத்து ஸ்டேஷன் உங்கள் வீட்டில் இருந்து இவ்வளவு தூரம், சீசன் டிக்கெட் இவ்வளவு" என்று சொன்னால் கேட்பார். ஒரு வருடம் கழித்துச் சொன்னால் தலையாட்டுவார்.

ஆனால் வீடு மாறியது போனுக்கு எப்படித் தெரியும்? இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. சரியான நேரத்தில் சொல்ல வேண்டுமானால் எங்கே தூங்குகிறோம், எங்கே வேலை செய்கிறோம், எத்தனை மணிக்குக் கிளம்புகிறோம் என்பதெல்லாம் அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். போதாததற்கு ஒரு மைக்கும் திறந்திருக்கிறது. சிரி தவறுதலாக உரையாடல்களைப் பதிவு செய்ததாகத் தொடரப்பட்ட வழக்கில், குற்றச்சாட்டை மறுத்தபடியே 9.5 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொள்ள ஆப்பிள் 2025 தொடக்கத்தில் சம்மதித்தது. குரல் பதிவுகளை அமேசானுக்கு அனுப்பாமல் கருவிக்குள்ளேயே கையாளும் வசதி சில எக்கோ கருவிகளில் இருந்தது. 2025 மார்ச்சில் அது நிறுத்தப்பட்டது. இந்தியாவில் 2023-ல் நிறைவேறிய தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. மாசைக் குறைக்கிறோம் என்ற நல்ல காரணத்துக்காகக்கூட, எதற்குச் சம்மதிக்கிறோம் என்று தெரியாமல் சம்மதிக்க வேண்டியதில்லை.

முதல் பதிலை யார் எழுதுறாங்க?

கேப் புக் ஆனால் யாருக்கோ கமிஷன் கிடைக்கும். 10 ரூபாய் ரயில் டிக்கெட்டில் யாருக்கும் பெரிதாக எதுவும் கிடைக்காது. "ஒரு வண்டி புக் பண்ணட்டுமா?" என்று கேட்கும்படி உதவியாளரை உருவாக்குவதில் வியாபாரக் காரணம் இருக்கிறது. "கீழே நடந்து போனா பஸ் ஸ்டாப்" என்று சொல்ல வைப்பதில் அப்படி ஒன்றும் இல்லை.

திரையில் விளம்பரம் வந்தால் 'விளம்பரம்' என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும். குரலில் அந்தச் சின்ன எழுத்து எங்கே? ரயிலை முதலில் சொல்லும்படி அமைப்பதும் ஒரு தள்ளல்தான், கேப்பை முதலில் சொல்வதும் ஒரு தள்ளல்தான். நடுநிலையான முதல் பதில் என்று ஒன்று கிடையாது. அப்படியிருக்க, அந்த வரிசை எந்த அடிப்படையில் வருகிறது என்று கேட்டால் சொல்ல வேண்டிய கடமை செயலிக்கு இருக்க வேண்டும். பொதுப் பணத்தில் உருவாகும் செயலிகளில் இதை எதிர்பார்ப்பது எளிது. தனியார் செயலிகளிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கும்.

ஏ.ஐ. கிட்ட கேக்குறதே மாசு இல்லையா?

நியாயமான கேள்வி. பதில் சுருக்கமானது. ஜெமினியில் எழுத்தில் கேட்கும் ஒரு சராசரிக் கேள்விக்கு 0.24 வாட்-அவர் மின்சாரமும் 0.03 கிராம் கார்பனும் ஆவதாக கூகுள் 2025 ஆகஸ்டில் வெளியிட்டது. பேச்சு உரையாடலுக்கு இதைவிடக் கூடும். பல மடங்கு கூடினாலும், ஒருவர் தனியாக ஒரு கிலோமீட்டர் கார் ஓட்டுவதால் வரும் 153 கிராமுக்கு முன்னால் அது தூசி. கேட்டதால் ஒரே ஒரு கார் பயணம் குறைந்தாலும் கணக்கு நேராகிவிடும். கேட்டுவிட்டு வழக்கம்போல் காரையே எடுத்தால், அந்த 0.03 கிராமும் வீண்.

உங்க போன்ல இப்பவே என்ன மாத்தலாம்?

கூகுள் மேப்ஸ் அமைப்புகளில் தினசரிப் பயணத்துக்கான பகுதி இருக்கிறது. அங்கே வழக்கமாக எதில் போகிறீர்கள் என்பதில் பொதுப் போக்குவரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். ஐபோனில் ஆப்பிள் மேப்ஸ் அமைப்புகளில் விருப்பமான பயண முறையை காரில் இருந்து மாற்றிவைக்கலாம். வண்டிதான் எடுக்க வேண்டும் என்றால், வழித் தேர்வுகளில் எரிபொருள் சேமிக்கும் வழி 'ஆன்' ஆகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதே இடத்தில் வண்டி பெட்ரோலா, டீசலா, மின்சாரமா என்பதையும் குறிப்பிடலாம். பெட்ரோல் வண்டிக்கு நல்ல வழி மின்சார வண்டிக்கும் நல்ல வழியாக இருக்க வேண்டும் என்பதில்லை.

கேட்கும் விதத்தையும் மாற்றிப் பார்க்கலாம். "கிளாம்பாக்கத்துக்கு வழி காட்டு" என்றால் கார் வழி வரும். "கிளாம்பாக்கத்துக்கு பஸ்ல எப்படி போறது, அடுத்த பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டால் பதில் வேறு. பாரிமுனைக்குப் போகிறவர்கள் 'பாரிமுனை' என்றே சொல்வது நல்லது. ஏ.ஐ. உரையாடலில் சொல்லும் பஸ் எண்ணையும் நேரத்தையும் அப்படியே நம்பிக் கிளம்ப வேண்டாம். அது சில சமயம் இல்லாத பஸ்ஸையும் நம்பிக்கையோடு சொல்லும். 'சென்னை பஸ்' அல்லது 'சென்னை ஒன்' செயலியில் ஒருமுறை சரிபார்க்க அரை நிமிடம் போதும்.

பிடிக்கவில்லை என்றால் இருப்பிட வரலாற்றையும் குரல் பதிவுகளையும் கூகுள் கணக்கின் தனியுரிமைப் பக்கத்தில் நிறுத்தலாம், பழையதை அழிக்கலாம். நிறுத்திய பிறகும் வழி கேட்டால் போன் சொல்லும். "வழக்கமா நீங்க கிளம்புற நேரம் ஆச்சு" என்று தானாகச் சொல்வதுதான் நிற்கும்.